மவுஸ் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்: கோடிங் சொல்லித்தரப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு

கல்லூரியில் ஓரிரண்டு செமஸ்டர் புரோகிராமிங் படித்த யாருக்கும், பள்ளிக்குத் தன்னார்வலராகப் போய் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். பிள்ளைக்கோ திரையில் ஏதாவது அசைய வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு பேசினீர்கள் என்பது கணக்கில் வராது. பிள்ளை தன் கையால் என்ன செய்து ஓட்டிப் பார்த்தது என்பதுதான் கணக்கு.

11 முதல் 14 வரையுள்ள வயது கொஞ்சம் விசித்திரமானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை நீங்கள் சொன்னதை அப்படியே செய்யும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘இது எதுக்கு?’ என்று கேட்கும், இல்லையென்றால் கேட்காமலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான்: சீக்கிரம் எதையாவது செய்ய விடுவது.

1. முதலில் ஆளையும் நாளையும் எண்ணுங்கள்

தன்னார்வ வகுப்புகள் பாதியில் நின்றுபோனால், பெரும்பாலும் பாடத்தில் குறை இருக்காது. கல்லூரித் தேர்வு அட்டவணை குறுக்கே வந்திருக்கும். ஆகவே காலண்டரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் உள்தேர்வு, செமஸ்டர் தேர்வு, பள்ளியின் தேர்வு, இரு பக்க விடுமுறை எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்துவிட்டு, இடையில் ஆறு முதல் எட்டு வாரம் தொடர்ச்சியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆறு வாரம் என்று சொல்லி ஆறு வாரமும் போவது, வருடம் முழுக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாலாவது வாரம் காணாமல் போவதைவிட எவ்வளவோ மேல். வருவதாகச் சொன்ன அண்ணனும் அக்காவும் வராமல் போனதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அடுத்து வரும் குழுவும் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஆள் கணக்கு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். 20 பிள்ளைகள் என்றால் நாலு பேர், அவசரத்துக்கு இன்னொருவர். ‘40 பேரையும் அனுப்புகிறோம்’ என்று பள்ளி ஆசையோடு சொல்லும். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். இரண்டு பிரிவாகப் பிரித்து, முதல் பிரிவு முடிந்தபின் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பள்ளிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒருவர் முன்னால் நின்று பேச, 40 பேர் வேடிக்கை பார்க்கிற வகுப்பு பள்ளியில் ஏற்கெனவே நடக்கிறது. அதையே திரும்ப நடத்த நீங்கள் போக வேண்டியதில்லை.

குழுவில் எல்லோரும் கம்ப்யூட்டர் துறையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வரலாறோ வணிகவியலோ படிக்கிற ஒருவர் இரண்டு வாரத்தில் ஸ்கிராட்ச் (பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மொழி) கற்றுக்கொண்டு துறை மாணவரைவிட நன்றாகச் சொல்லித்தரலாம். எங்கே தடுக்கியது என்பது அவருக்கு இன்னும் நினைவில் இருக்கும். துறை மாணவருக்கு அது மறந்தே போயிருக்கும்.

2. லேபை நேரில் போய்ப் பாருங்கள்

போனில் ‘எல்லா சிஸ்டமும் ஓடுது’ என்று சொல்வதை நம்பி முதல் நாள் போய் நிற்காதீர்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிய கையோடு, கம்ப்யூட்டர் ஆசிரியரோடு அரை மணி நேரம் லேபில் உட்காருங்கள். ஒவ்வொரு கணினியையும் நீங்களே ஆன் செய்து பாருங்கள். எத்தனை உண்மையில் எழுந்து வருகின்றன? மவுஸ் எத்தனையில் வேலை செய்கிறது? இணையம் இருக்கிறதா, இருந்தால் எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் திறந்தால் தாங்குகிறதா? எந்தத் தளம் தடுக்கப்பட்டிருக்கிறது? மென்பொருள் நிறுவ யாருடைய கடவுச்சொல் வேண்டும்?

இணையம் இருந்தாலும் சரி, ஸ்கிராட்சின் ஆஃப்லைன் பதிப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். 2019 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பு பிரவுசரிலேயே ஓடும். நிறுவிக்கொள்ளத் தனிச் செயலியும் உண்டு. ரொம்பப் பழைய கணினியில் அது ஏறாமல் போகலாம். அங்கே 1.4 என்ற பழைய பதிப்பு கைகொடுக்கும். பார்க்கப் பழையதாக இருந்தாலும் முதல் நாலு வாரப் பாடத்துக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1.4-இல் செய்ததை 3.0-இல் திறக்கலாம், 3.0-இல் செய்ததை 1.4-இல் திறக்க முடியாது. லேபில் இரண்டையும் கலந்து வைத்தால் அடுத்த வாரம் இடம் மாறி உட்காரும் பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

சில லேப்களில் கணினியை அணைத்துப் போட்டால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் உழைத்துச் செய்த விளையாட்டு காணாமல் போன பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் சேமிப்பதற்கு மட்டும். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயரும் வார எண்ணும் இருக்கட்டும். ஒரு தன்னார்வலர் பென் டிரைவோடு வரிசையாகப் போய் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. பாதுகாப்பு விதிகளைப் பேசி முடித்துவிட்டுத்தான் வகுப்பு

இதைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கம் உண்டு, தள்ளக்கூடாது. வகுப்பு நடக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே நீங்களே கேட்டு வாங்குங்கள். எந்தத் தன்னார்வலரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக்கூடாது. போன் நம்பர் கொடுப்பது, வாங்குவது, சமூக ஊடகத்தில் நட்பு ஏற்பது எதுவும் வேண்டாம். ‘அக்கா, உங்க ஐடி என்ன?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘சந்தேகம் இருந்தா நோட்டில் எழுதி வை, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்ற ஒரே பதிலை எல்லோரும் சொல்ல வேண்டும். படம் எடுக்க வேண்டுமென்றால் பள்ளி வழியாகப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் திரையை மட்டும் எடுங்கள்.

இணையக் கணக்கு விஷயத்திலும் நிதானம் தேவை. பல நாடுகளில் சிறுவர்களின் தகவலைத் திரட்ட வயது வரம்பு உண்டு. அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை மாறுகிறது. நல்லவேளை, ஸ்கிராட்ச் பயன்படுத்தக் கணக்கே தேவையில்லை. செய்ததைக் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு வேண்டும் என்று பள்ளி விரும்பினால், பள்ளி ஆசிரியர் தன் பெயரில் ஆசிரியர் கணக்கு வாங்கி, பிள்ளைகளின் மின்னஞ்சல் இல்லாமலே அவர்களைச் சேர்க்க வழி இருக்கிறது. அப்போதும் பயனர் பெயரில் உண்மைப் பெயரோ பள்ளியின் பெயரோ வரக்கூடாது.

ஒரு பிள்ளை உங்களிடம் வீட்டிலோ பள்ளியிலோ நடக்கும் கவலையான விஷயம் எதையாவது சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதையும் முன்கூட்டியே பள்ளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த மொழி?

நீங்கள் முதலாண்டில் சி மொழியில் தொடங்கினீர்கள் என்பதற்காகப் பிள்ளைகளும் அங்கே தொடங்க வேண்டியதில்லை. 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் உள்ளிட்டோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ மொழியை உருவாக்கினார்கள். கட்டளை கொடுத்தால் ஆமை நகர்ந்து கோடு வரையும். அந்த யோசனையின் வழியில் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-இல் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச். 8 முதல் 16 வயது வரையுள்ளவர்களை மனதில் வைத்து அமைத்தது. கட்டளை எழுதிய பிளாக்குகளை இழுத்து ஒட்ட வைப்பதால் எழுத்துப்பிழை என்ற பேச்சே இல்லை. விசைப்பலகையில் எழுத்துகளைத் தேடித் தேடி அடிக்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

என் பரிந்துரை: ஏற்கெனவே ஸ்கிராட்ச் செய்த எட்டாம் வகுப்பு என்றால் தட்டச்சு செய்து எழுதும் பைதான் மொழி, மற்ற எல்லோருக்கும் ஸ்கிராட்ச். ‘அது சின்னப் பசங்களோடது’ என்று சில எட்டாம் வகுப்பு ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் விவாதம் வேண்டாம். மூன்று உயிர், எதிரி, மட்டங்கள் எல்லாம் உள்ள விளையாட்டு ஒன்றைத் திறந்து காட்டி, ‘இதை உடைச்சுப் பாரு’ என்று விட்டுவிடுங்கள். பள்ளியிடம் மைக்ரோபிட் பலகை இருந்தால் அதிர்ஷ்டம்தான். 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தானும் உள்ள அந்த அட்டை, குலுக்கினால் எண் காட்டும் பகடையாகப் பத்து நிமிடத்தில் மாறிவிடும்.

5. முதல் வகுப்பு

ஸ்லைடு வேண்டாம். ‘புரோகிராமிங் என்றால் என்ன’ என்ற விளக்கமும் வேண்டாம். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள மூன்று நிமிடம். பிள்ளைகளின் பெயரைச் சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கரில் எழுதிக்கொண்டால், ‘ஏய் நீ’ என்று கூப்பிட வேண்டியிருக்காது.

அடுத்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு தன்னார்வலர் ரோபோவாக நிற்கட்டும். கதவு வரை போக வைப்பது பிள்ளைகளின் வேலை. ‘நேரா போ’ என்றால் சுவரில் இடிக்கும் வரை போக வேண்டும். ‘திரும்பு’ என்றால், எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லும் வரை அசையக்கூடாது. சிரிப்பு வரும், கூடவே, கணினி தானாக எதையும் ஊகிக்காது என்பதும் மண்டையில் ஏறும். ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-இல் இதைப் பற்றி எழுதினார். புதிதாகக் கற்பவர்கள், கணினிக்குள் தங்கள் மனதைப் புரிந்துகொள்ளும் ஏதோ ஒன்று ஒளிந்திருப்பதாக நம்பிக்கொண்டு எழுதுகிறார்கள். அவர்கள் செய்யும் பல தவறுகளுக்கு அதுதான் வேர் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் சூப்பர்பக். ‘நான் என்ன சொல்றேன்னு அதுக்குத் தெரியாதா?’ என்று பிள்ளை கேட்கும்போது நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

பத்தாவது நிமிடம் எல்லோர் கையும் மவுஸில் இருக்க வேண்டும். ஸ்கிராட்சைத் திறந்ததும் திரையில் நிற்கும் பூனையைப் பத்து அடி நகர்த்தும் பிளாக்கை இழுத்துப் போட்டு அழுத்தச் சொல்லுங்கள். நகர்ந்ததா? 10 என்ற எண்ணை 100 ஆக்கு. ஒரு கழித்தல் குறி போட்டுப் பார். இப்படி மாற்றி மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள், நடுவில் பேசாதீர்கள். பிறகு புரோகிராமை ஓட வைக்கும் பச்சைக் கொடி. அப்புறம், உள்ளே இருப்பதை நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் ‘ஃபாரெவர்’ பிளாக். அதற்குள்ளே ‘மவுஸ் இருக்கும் இடத்துக்குப் போ’ என்ற பிளாக். பூனை மவுஸைத் துரத்தத் தொடங்கியதும் அறையில் சத்தம் கூடும். அது நல்ல சத்தம், அடக்காதீர்கள்.

மீதி நேரத்தில் எலி மாதிரி இரண்டாவது ஸ்ப்ரைட் (திரையில் அசையும் உருவம்) ஒன்றைச் சேர்த்து, அது திரையில் கண்டபடி நகரும்படி செய்யலாம். மேடையின் (பூனை நகரும் பகுதி) நடுப்புள்ளி பூஜ்யம், பூஜ்யம். இடமிருந்து வலம் –240 முதல் 240 வரை, கீழிருந்து மேல் –180 முதல் 180 வரை. ஆயத்தொலைகளைக் கணக்கு வகுப்பில் இன்னும் படிக்காத பிள்ளைகூட இங்கே பூனையை இழுத்து இழுத்து எண்கள் மாறுவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஸ்கோர் எல்லாம் வரும் வாரங்களில். முடியாமல் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, சேமித்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது

முழு வகுப்பும் இந்த இடத்தில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். ஒரே விதி: பிள்ளையின் மவுஸைத் தொடாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நோட்டைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மவுஸை வாங்கிப் பத்து நொடியில் சரிசெய்து கொடுத்தால், பிள்ளை இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளும்: இது தனக்கு வராது, கூப்பிட்டால் அண்ணன் வந்து முடித்துக் கொடுப்பார்.

குனிந்து நின்று பேசாமல், பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

‘அண்ணா, வேலை செய்யல.’
‘என்ன நடக்கணும்னு நினைச்சே?’
‘தொட்டா ஸ்கோர் ஏறணும்.’
‘இப்போ என்ன நடக்குது?’
‘ஒண்ணுமே நடக்கல.’
‘தொட்டதா இல்லையான்னு எந்த பிளாக் பார்க்குது? காட்டு.’
‘இது.’
‘சரி. கொடியை அழுத்தினதும் அது எத்தனை தடவை பார்க்கும்?’

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, ‘தெரியாது’ என்பது குறைந்தது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிள்ளையின் கண் திரையில் அலைவதைப் பார்த்தால் யோசனை ஓடுகிறது என்று அர்த்தம். கண் உங்கள் மேல் நின்றுவிட்டால்தான் அடுத்த கேள்வி.

ஸ்கிராட்சில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஒரு கைப்பிடிதான். திரும்பத் திரும்ப அவையே வரும். இவற்றை மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் பதற்றமில்லாமல் கேள்வி கேட்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முதலில், பிளாக்குகள் தவறான ஸ்ப்ரைட்டில் இருக்கும். பூனைக்கு எழுத வேண்டியதை எலிக்கு எழுதியிருப்பார்கள். ‘இப்போ யாரோட பிளாக்கைப் பார்க்கிறோம்?’ என்ற கேள்வி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

அடுத்தது, ‘இப்படி இருந்தால்’ என்று சோதிக்கும் ‘இஃப்’ பிளாக் ‘ஃபாரெவர்’ பிளாக்குக்கு வெளியே இருக்கும். கொடியை அழுத்திய கணத்தில் ஒரு தடவை சோதித்துவிட்டு முடிந்துபோகும். மேலே உள்ள உரையாடல் இதைப் பற்றியதுதான்.

ஸ்கோர் ஒன்று ஏற வேண்டிய இடத்தில் 1-லிருந்து 40-க்குத் தாவும். ஸ்கிராட்சின் ‘ஃபாரெவர்’ சுழல் நொடிக்கு 30 தடவை வரை சுற்றுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க ஏறிக்கொண்டே போகும். தொட்டதும் எலியை வேறு இடத்துக்குத் தாவ வைத்தால் தீர்ந்தது. இந்தப் பிழையைச் சீக்கிரம் தீர்த்துவிடாதீர்கள், பிள்ளைகள் இதைக் கொண்டாடுவார்கள்.

இன்னும் சில சில்லறை: இரண்டாம் முறை ஆடும்போது ஸ்கோர் பூஜ்யத்தில் தொடங்காது, மறைத்த ஸ்ப்ரைட் மறைந்தே கிடக்கும், ‘காட்டு’ என்று தொடக்கத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், சுவரில் மோதித் திரும்பும் பூனை தலைகீழாக நடக்கும், சுழலும் விதத்தை இடவலமாக மாற்றினால் போதும். குளோன் (ஸ்ப்ரைட்டின் நகல்) போட்டு விளையாடும் பிள்ளை 300-க்கு மேல் குளோன் வரவில்லையே என்று வந்து நின்றால், அது பிழையில்லை, ஸ்கிராட்ச் வைத்திருக்கும் வரம்பு.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வந்தால்? ‘எனக்கும் தெரியல, வா பார்ப்போம்’ என்று சொல்லிச் சேர்ந்து தேடுங்கள். பிழையை எப்படித் துரத்துகிறோம் என்பதை வேறு எந்தப் பாடமும் இவ்வளவு நன்றாகக் காட்டாது.

7. அடுத்த வாரங்கள்

வாரத்துக்கு ஒரு புது விஷயம் மட்டும். நிபந்தனை (‘இஃப்’) ஒரு வாரம், மாறி (ஸ்கோர் போன்ற மாறும் எண்ணை வைக்கும் இடம்) ஒரு வாரம், ஒரு ஸ்ப்ரைட்டிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவது ஒரு வாரம். கடைசி இரண்டு வாரமும் அவரவர் சொந்த விளையாட்டுக்கு. ஒவ்வொரு வகுப்பையும் நீங்கள் செய்து வைத்த சிறு புரோகிராம் ஒன்றோடு தொடங்கலாம். முதலில் ஓட்டாமல் காட்டி, ‘என்ன நடக்கும்?’ என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகு ஓட்டுங்கள். எங்கே ஊகம் தவறியது என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் பிறகுதான் புதிதாகச் செய்வது. சூ சென்டன்ஸ் என்ற பேராசிரியரும் அவர் சகாக்களும் இந்த வரிசைக்கு பிரிம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெற்றுத் திரையைப் பார்த்து விழிக்கும் பிள்ளைக்கு இது நல்ல பிடிமானம்.

கணினி குறைவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று. போதுமான கணினி இருந்தாலும் இப்படி உட்கார வைப்பதில் பலன் உண்டு. ஒருவர் மவுஸ் பிடிக்க, இன்னொருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற வேண்டும். மணியடித்து மாற்றுங்கள். நீங்கள் மாற்றவில்லை என்றால் வேகமான பிள்ளை கடைசி வரை மவுஸை விடாது, அடுத்தவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஜோடியாக இருக்கும் இடத்தில் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று கொஞ்சம் கூடுதலாகவே கவனியுங்கள்.

வேகமாக முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஆளுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு கூடுதல் வேலை எழுதி வைத்திருங்கள்: எதிரி ஒன்று சேர், நேரம் எண்ணு, இரண்டு பேர் ஆடும்படி மாற்று. மற்றவர்களுக்குச் சொல்லித்தர அனுப்பலாம்தான், ஆனால் மவுஸ் விதி அவருக்கும் பொருந்தும். அமைதியாக இருக்கும் பிள்ளைதான் எனக்கு அதிகக் கவலை. கையே தூக்காது, கேட்டால் ‘முடிஞ்சது’ என்று சொல்லும். ஆகவே யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், ஒவ்வொரு தன்னார்வலரும் தன் நாலைந்து பிள்ளைகளிடம் வகுப்புக்கு இரண்டு தடவையாவது போய், ‘ஓட்டிக் காட்டு’ என்று கேட்க வேண்டும்.

சத்தமும் சேட்டையும் வந்தால் மிரட்ட வேண்டாம்; அது உங்கள் வேலையும் இல்லை, பொறுப்பாசிரியர் அறையில்தான் இருக்கிறார். எல்லோருக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் திரையை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். திரை எரியும்போது யார் பேசினாலும் காதில் விழாது.

8. மின்சாரம் போனால், இணையம் நின்றால்

கணினி இல்லாமல் நடத்தும் ஒரு வகுப்பு எப்போதும் பையில் தயாராக இருக்கட்டும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல் தன் சகாக்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘அன்பிளக்டு’ பயிற்சிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 புள்ளிகள் போட்டு, ஐந்து பிள்ளைகள் பிடித்து நிற்கட்டும். சில அட்டைகளைத் திருப்பி மறைத்தால் பூஜ்யம் முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். ‘11 காட்டுங்க’ என்றதும் யார் திருப்ப வேண்டும் என்று அவர்களே சண்டை போட்டுத் தீர்மானிப்பார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அட்டை வித்தை. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வேறு நிறமும் உள்ள அட்டைகளை ஒரு பிள்ளை ஐந்துக்கு ஐந்தாக இஷ்டம்போல் அடுக்கட்டும். ‘இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குறேன்’ என்று சொல்லி நீங்கள் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் சேர்க்கிறீர்கள். எந்த வரிசையை, எந்த நெடுவரிசையை எண்ணினாலும் கறுப்புப் பக்கம் இரட்டைப்படையில் வரும்படி. இப்போது திரும்பி நின்றுகொள்ளுங்கள். ஒரே ஒரு அட்டையை யாராவது புரட்டட்டும். திரும்பிப் பார்த்தால், ஒற்றைப்படையாக இருக்கும் வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தில் அந்த அட்டை இருக்கும். எப்படி என்று உடனே சொல்லாதீர்கள். இரண்டு மூன்று சுற்று ஓடட்டும், யாராவது கண்டுபிடிப்பார்கள். கணினிகள் தகவல் அனுப்பும்போது நடுவில் ஏதாவது கெட்டுப்போனதா என்று அறிய இதே சோதனை பயன்படுகிறது என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

9. பைதானுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

ஸ்கிராட்ச் கைவந்த பிள்ளைகளுக்கு பைதானோடு சேர்ந்தே வரும் டர்டில் நல்ல பாலம். லோகோவின் அதே ஆமைதான். எழுதுவதற்குத் தொன்னி என்ற எளிய மென்பொருள் போதும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்காகவே உருவாக்கியது. முதல் நாள் முழுக்க அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, வரியின் உள்தள்ளல் என்று போகும், எதிர்பார்த்தே போங்கள். ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி ஒரு பெரிய வில்லன். அப்புறம், பயனரிடம் வாங்கிய 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 53 வருவது. அதை எண்ணாக மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், 53 திரையில் வரட்டும். சிவப்பில் வரும் பிழைச் செய்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரி என்று அதிலேயே இருக்கும்.

‘ஏஐ-கிட்ட கேட்டா முழுசா எழுதித் தருதே?’ என்று ஒருவராவது கேட்பார். கேட்பது நியாயம்தான். அந்தக் கருவிகளில் பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு என்பதைச் சொல்லுங்கள். அதோடு, எழுதி வந்ததில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பக்கத்திலுள்ளவருக்கு விளக்க முடிகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தடை போடுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

10. கடைசி நாளும் அதற்குப் பிறகும்

கடைசி வகுப்பு காட்சி நாள். பரிசு, மதிப்பெண், முதலிடம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் தங்கள் விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு, பாதிப் பேர் கணினி அருகே நிற்க, மீதிப் பேர் சுற்றி வந்து ஆடிப் பார்க்கட்டும். பிறகு மாறிக்கொள்ளலாம். முடிந்தால் பெற்றோரையும் மற்ற வகுப்பு ஆசிரியர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். முழுசாக முடியாத விளையாட்டையும் காட்டலாம். ‘இது இன்னும் வரல, ஏன்னா…’ என்று ஒரு பிள்ளை காரணத்தோடு சொன்னால் அதுவும் நல்ல காட்சிதான்.

ஒவ்வொரு வகுப்பும் முடிந்து வெளியே வந்ததும் குழுவாகப் பத்து நிமிடம் நின்று பேசி, எது ஓடியது, யார் தடுமாறினார்கள், அடுத்த வாரம் என்ன என்று ஒரு பொதுக் கோப்பில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் ஜூனியர்கள் தொடங்கும்போது, வழவழப்பான பாடத்திட்டத்தைவிட இந்தக் குறிப்புகள்தான் அவர்களுக்கு உதவும். எந்தக் கணினியில் எது ஓடாது, எந்த ஆசிரியரிடம் சாவி இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோப்பில் பிள்ளைகளின் முழுப்பெயர் வேண்டாம். பிள்ளைகள் செய்த விளையாட்டுகள் அடங்கிய பென் டிரைவ் ஒன்றைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் கல்லூரிக்குப் பள்ளியிலிருந்து கடிதமோ சான்றிதழோ வேண்டுமென்றால், அதைக் கடைசி நாளுக்கு முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள். காட்சி நாள் பரபரப்பில் தலைமையாசிரியரின் கையெழுத்து கிடைக்காது.